நூற்று மூன்று டிகிரி, பதினேழு மணி நேரம்

முருங்கையை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு போத்தை வெட்டி, நட மறந்து, ஒரு வாரம் சுவரோரம் சாத்தி வைத்திருந்தாலும் அது பாட்டுக்குத் துளிர்த்துவிடுகிறது. வறண்ட மண்ணில் தோட்டம் போட வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். முருங்கையில் ஆரம்பியுங்கள், அது யாருக்கும் வரும்.

நம் தோட்டக் குழுவின் ஆண்டு மலருக்குத் தலைவர் என்னிடம் இரண்டு பக்கம் கேட்டிருந்தார். 'வறண்ட மண்ணில் என் விதைப் பயணம்' என்று தலைப்பையும் அவரே வைத்துவிட்டார். தலைவர் பல் டாக்டர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி, பதில் சொல்ல முடியாமல் கிடப்பதற்குப் பழகியவர். நான் பேசாமல் நின்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். "ரெண்டே பக்கம்மா. மனசுல இருக்கிறத அப்படியே எழுதிடு" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன். பக்கம் கொஞ்சம் கூடிவிட்டது. வெட்ட வேண்டுமானால் கடைசிப் பத்தியைத் தவிர எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் தாவரவியல் படித்தவள். விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒவ்வொரு மாதிரியிலும் நூறு விதை எண்ணி, ஈரத்தாளில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்த்துச் சொல்வேன். இன்னொரு வேலையும் உண்டு. விதையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்க்க, அதை எடை போட்டு, சின்ன அலுமினியக் கிண்ணத்தில் வைத்து அடுப்பில் ஏற்றுவோம். சமையல் அடுப்பு இல்லை, ஆய்வுக்கூடத்து மின் அடுப்பு. நூற்று மூன்று டிகிரி, பதினேழு மணி நேரம். மறுநாள் திரும்பவும் எடை போடுவோம். குறைந்த எடைதான் ஈரம். அடுப்பிலிருந்து வந்த விதை பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும். நிறம் ஒரு துளி கூடியிருக்கும், அவ்வளவுதான். அதைக் குப்பையில் போட்டுவிடுவோம், ஏனென்றால் அது செத்துப்போன விதை.

நம் குழுவில் கடை விதைக்கு இடமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அது தலைவர் போட்ட விதி. கடையில் விற்கும் விதை அடிமை விதை, பகிர்ந்துகொள்ளும் விதைதான் சுதந்திர விதை என்று முதல் கூட்டத்திலேயே சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு சுதந்திர விதையைச் சுத்தம் செய்வது யார், உலர்த்துவது யார், பூச்சி விழாமல் வைப்பது யார் என்று ஒரு கேள்வி வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து நீங்கள் எடுக்கும் விதையெல்லாம் என் அறையில் இருக்கும் இரும்பு அலமாரிக்கு வந்து, பழுப்பு உறையில் பெயரும் தேதியும் எழுதப்பட்டு, சனிக்கிழமை காலை ஏழு முதல் ஒன்பது வரை என் வீட்டு கேட் வழியாக உங்களுக்கே திரும்ப வருகிறது. கம்பிக்கு வெளியே நீங்கள், உள்ளே நான். "வர்றவங்கள உள்ள கூப்பிட்டு உக்கார வைக்காத. முப்பத்தேழு பேருக்கு டீ போட என்னால ஆகாது" என்று அம்மா முதல் வாரமே சொல்லிவிட்டாள்.

முதல் ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அந்த ஆறு மாதத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். விதை முளைத்தவர்கள் திரும்பி வருவதில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை, கவனித்ததைச் சொல்கிறேன். உதாரணத்துக்கு ஆடியோ அண்ணன். குழுவுக்குப் பதினோரு நிமிடத்துக்குக் குறையாமல் குரல் பதிவு அனுப்புவதால் அவருக்கு அந்தப் பெயர். கொத்தவரை விதை வாங்கிப் போனார். அமோகமாக வந்தது. ஒரு பதிவு போட்டார். சூரியனுக்கு நன்றி சொன்னார், மண்புழுவுக்கு நன்றி சொன்னார், தன்னுடைய இடுப்புவலிக்குக்கூட ஒரு நன்றி சொன்னார். பதினோரு நிமிடமும் கேட்டேன். பிறகு நான்கு மாதம் அவர் கேட் பக்கம் வரவில்லை. எதற்கு வர வேண்டும், அவரிடம்தான் இப்போது விதை இருக்கிறதே.

பிறகு ஒரு தவறு நடந்தது. தவறு என்றுதான் தொடங்கியது, அதில் பொய் இல்லை. யாரோ கொடுத்த அகத்தி விதையில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கக் கொஞ்சத்தைக் கூடத்துக்கு எடுத்துப் போயிருந்தேன். அடுப்பில் ஏறியது ஒரு கிண்ணம், ஏறாதது ஒரு கிண்ணம். இரண்டையும் ஒரே பையில் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஏறியதை உறையில் போட்டுவிட்டேன். அந்த உறை நிலா அக்காவுக்குப் போனது. அக்கா பியூட்டி பார்லர் வைத்திருக்கிறார். வளர்பிறை தேய்பிறை பார்க்காமல் ஒரு கொத்தமல்லிகூடத் தூவ மாட்டார்.

மூன்று வாரம் கழித்து வந்தார். "ஒண்ணுகூட முளைக்கலடி. நான் நாள் தப்பா பாத்துட்டேன் போல" என்றார். ஆறு நிமிடம் நின்றார். அடுத்த சனிக்கிழமை ஒரு டப்பாவில் மண் கொண்டுவந்து காட்டினார். பதினெட்டு நிமிடம். அதற்கடுத்த வாரம் கேட்டுக்கு வெளியே இருக்கும் படியில் உட்கார்ந்தே விட்டார். கல்யாணப் பெண்கள் அலங்கார நாற்காலியில் உட்கார்ந்து அழுவதைப் பற்றி, கண்மை கலைந்ததும் இன்னும் அழுவதைப் பற்றிச் சொன்னார். நாற்பத்தொரு நிமிடம். என் கைக்கடிகாரம் கொஞ்சம் மெதுவாக ஓடும், அதனால் இன்னும் கூடுதலாகவே இருக்கலாம்.

கிண்ணம் மாறியதை நான் அதற்குள் கண்டுபிடித்திருந்தேன். சொல்லத்தான் நினைத்தேன். அவர் பேசி முடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை வன்மம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எளிதாக முளைப்பதை மனிதர்கள் மதிப்பதில்லை. ஒரு தோட்டக்காரருக்கு வேண்டியது பொறுமை. பொறுமையை உறையில் போட்டுக் கொடுக்க முடியாது, ஆனால் அது வளர்வதற்கான சூழலை உண்டாக்கலாம். முளைப்புச் சதவீதத்தைக் கூடத்தில் அளந்துகொண்டிருந்தேன். வீட்டில் அதை நிர்ணயிக்க ஆரம்பித்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆளைப் பார்த்து அளவு வைத்தேன். நிலா அக்காவுக்கு நூற்றுக்கு ஐம்பது உயிருள்ளது, ஐம்பது அடுப்பில் ஏறியது. பாதி வந்தால்தான் மீதியைப் பற்றிப் பேச வருவார். ஆடியோ அண்ணனுக்கு முப்பது. புதிதாக வருபவர்களுக்கு முதல் தடவை எண்பது, இரண்டாம் தடவை நாற்பது. தலைவருக்கு எப்போதும் தொண்ணூற்றைந்து. அவர் அடிக்கடி வருவதை நான் விரும்பவில்லை.

நீங்கள் கண்டுபிடித்த காரணங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். செல்போன் கோபுரம். பக்கத்து வீட்டு ஏசி விடும் அனல். மாமியாரின் கண். விதைக்கும்போது மனதில் இருந்த எதிர்மறை எண்ணம். தண்ணீருக்கு ஞாபகசக்தி உண்டு, அதனால் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் சமாதானப்படுத்தி ஊற்ற வேண்டும் என்று ஒருவர் பட்டறையே நடத்தினார். இருபத்திரண்டு பேர் போனீர்கள். மண்ணைச் சந்தேகப்பட்டீர்கள், நிலாவைச் சந்தேகப்பட்டீர்கள், உங்களையே சந்தேகப்பட்டீர்கள். விதையை மட்டும் ஒருவரும் சந்தேகப்படவில்லை. "அந்தப் பொண்ணு பாவம், வாயே திறக்காது" என்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. வாய் திறக்காதவர்கள் மீது மனிதர்கள் வைக்கும் நம்பிக்கையை யாராவது ஆராய்ந்து பார்க்கலாம்.

அம்மாதான் ஒருநாள் கேட்டாள். "ஊர்ல எல்லாருக்கும் கருகுது. நீ போட்டது மட்டும் காடா நிக்குது. என்னடி வித்தை?"

"பொறுமைம்மா" என்றேன்.

"இதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல. இந்தப் பொறுமையோட ரெண்டு மனுஷங்களோட பேசிப் பழகியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போனாள்.

இப்போது டிரைவர் மாமா.

அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பணிமனைக்குப் பின்னால் கால் ஏக்கர் தரிசு கிடந்தது. கண்ணாடித் துண்டும் பழைய டயரும் தவிர ஒன்றும் இல்லாத இடம். அதில் தோட்டம் போடுகிறேன் என்று நகராட்சியில் எழுதிக் கேட்டு, நடையாய் நடந்து, அனுமதி வாங்கியவர் அவர். குழுவின் பெயரில்தான் கேட்டார். கையெழுத்து அவருடையது, ஏனென்றால் தலைவருக்கு அன்று பிடுங்க வேண்டிய ஒரு கடைவாய்ப் பல் இருந்தது. இரண்டு வருடம் கெடு. அதற்குள் நிலத்தில் பாதியாவது பச்சை பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பழுதான பேருந்துகளை நிறுத்த எடுத்துக்கொள்வார்கள்.

முதல் சனிக்கிழமை கேட்டைத் தட்டி, "இங்க விதை டாக்டர் யாரும்மா?" என்றார். நான்தான் என்று சொல்லக் கொஞ்சம் நேரம் ஆனது.

"என்ன படிச்சிருக்க?"

"சயின்ஸு."

"அப்ப இனிமே உன் பேரு சயின்ஸு. எனக்குப் பேரு நிக்காது. முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டினதுல எல்லாரும் எனக்கு ஸ்டாப் பேருதான்."

ஏழு மணிக்கு வந்தவர் எட்டே முக்காலுக்குப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். வந்ததும் "சாப்டியா சயின்ஸு?" என்பார். இல்லை என்றால் திட்டுவார். ஆமாம் என்றால் என்ன சாப்பிட்டேன் என்று கேட்பார். பேருந்துக் கதைகள் சொல்வார். ஒரு பயணி பன்னிரண்டு வருடம் தினமும் தூங்கிப்போய்த் தன் நிறுத்தத்தைத் தவறவிட்டு, கடைசி நிறுத்தத்தில் எழுந்து இவரைத் திட்டுவாராம். "நான் ரிட்டையர் ஆன அன்னைக்கு, படுபாவி, கரெக்டா அவன் ஸ்டாப்ல முழிச்சு இறங்கிட்டான். ஒரு திட்டுகூட இல்ல. எனக்கு மனசே ஆறல சயின்ஸு" என்றார். நான் சிரித்தேன். சத்தமாகச் சிரித்திருக்க வேண்டும், அம்மா எட்டிப் பார்த்தாள்.

அவர் போட்ட திட்டம் நல்ல திட்டம். பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கம் வரைந்து கொண்டுவந்தார். மழைத் தண்ணீர் ஓடிப்போகாமல் நிற்க அரைவட்டக் குழிகள், நூற்று நாற்பது. குழிக்கு ஒரு துவரை, ஓரத்தில் அகத்தி. இவை முதலில் வளர்ந்து நிழல் தர வேண்டும். அந்த நிழலில்தான் சீத்தா, நாவல், இலந்தை எல்லாம் தப்பிப் பிழைக்கும். மொட்டை வெயிலில் பழச்செடி வைத்தால் பத்து நாளில் சுள்ளி. ஆகவே எல்லாம் துவரையில் இருந்தது. வேலியோரம் முருங்கை. நடுவில் ஒரு சதுரம் போட்டிருந்தார்.

"இது என்ன மாமா?"

"பெஞ்சு. சனிக்கிழமை எல்லாரும் இங்க வந்து உக்காரலாம்ல. இது மட்டும் நின்னுடுச்சுன்னா, விதை அங்கேயே காய்க்கும், அங்கேயே பறிச்சுக்கலாம். உன்னைக் காலங்காத்தால எழுப்ப வேண்டாம். நீயும் ஒருநாள் தூங்கு பாவம்."

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அன்று கொடுத்த உறையில் இருந்தது வெறும் மாதிரி. மொத்தத்தையும் அடுத்த சனிக்கிழமை தருகிறேன் என்றேன். கூடத்தில் அந்த வாரக் கடைசிக்கு அடுப்பு காலியாக இருந்தது. நூற்று மூன்று டிகிரி, பதினேழு மணி நேரம். அவருக்கு நான் வைத்த அளவு பூஜ்யம்.

அவர் பணிமனையில் வண்டி கழுவும் குழாயிலிருந்து தண்ணீர் எடுத்தார். இரண்டு கேன், ஒரு நடை. ஒரு நாளைக்கு இருபது நடை. முழங்காலில் ஏற்கெனவே தேய்மானம் உண்டு, முப்பத்தோரு வருடம் கிளட்ச் மிதித்த கால். ஒரு முறை பார்க்கப் போனேன். நூற்று நாற்பது குழி, ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி, குச்சியில் அவர் கையெழுத்தில் 'துவரை' என்றும் ஒரு எண்ணும். கண்ணாடித் துண்டையெல்லாம் பொறுக்கிவிட்டிருந்தார். ஒரு குழியில் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரம் மிகச் சரியான அளவில் இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். அன்று முழுக்க அவருக்குச் சந்தோஷம் என்று அத்தை பிறகு சொன்னார். அத்தை என்றால் அவர் மனைவி.

முளைக்கவில்லை. திரும்ப வந்தார். திரும்பக் கொடுத்தேன். "ஆழமா போட்டுட்டேனோ?" என்றார். இருக்கலாம் என்றேன். "தண்ணி அதிகமோ?" இருக்கலாம் என்றேன். கடையில் ஒரு படி துவரை வாங்கித் தூவினால் என்ன என்று ஒருமுறை கூட்டத்தில் கேட்டார். தலைவர் அவர் தோளில் கை போட்டு, அடிமை விதையைப் பற்றி அரை மணி நேரம் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் இதைக் குத்திக்காட்டவில்லை. உங்கள் பங்கும் இருக்கிறது என்பதைப் பதிவு செய்கிறேன்.

இரண்டாவது மழைக்காலத்துக்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்தார். படித்தவர்கள் முப்பத்தேழு பேர் இருந்த குழுவில் ஒருவருக்கும் தோன்றாதது, டிரைவர் மாமாவுக்குத் தோன்றியது. நான் கொடுத்த உறையை என் கண் முன்னாலேயே பிரித்து, இருபது விதையை எண்ணி, பத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரே விதை. நீ பத்து போடு, நான் பத்து போடறேன். ஒரே மண்ணு, உன் மண்ணையே எனக்கும் ஒரு தொட்டி குடு. ஒரே தண்ணி. பாத்துடலாம், கோளாறு எங்க இருக்குன்னு."

அது மிக நேர்த்தியான சோதனை. என்னைக் கேட்டால் அதைவிட நன்றாக நானே வடிவமைத்திருக்க முடியாது. ஒரு கணம் அவரைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் பத்தை எடுத்துக்கொண்டு போனார். என் பத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து உயிருள்ள பத்தை எடுத்து விதைத்தேன். ஐந்தாம் நாள் ஒன்பது முளைத்தது. அடுத்த சனிக்கிழமை அவர் தொட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். என்னுடையதில் ஒன்பது பச்சை. அவருடையதில் நனைந்த மண். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி. தெரிஞ்சுபோச்சு" என்றார்.

இந்த முழு விஷயத்திலும் நான் வருத்தப்படுவது இந்த ஒரு இடத்துக்குத்தான். ஒரு சோதனையின் முடிவைத் திருத்துவது என் துறையில் பெரிய தவறு. அதை நான் செய்திருக்கக் கூடாது.

அதற்குப் பிறகும் அவர் வந்தார். ஆனால் விதை கேட்பது குறைந்தது, பேச்சும் குறைந்தது. என் நோட்டில் நிமிடங்கள் இறங்கிக்கொண்டே வந்தன. கெடு முடிந்து நகராட்சி ஆள் டேப்போடு வந்தார். நூற்று நாற்பது குச்சிகளுக்கு நடுவே நடந்து பார்த்தார். வேலியோரம் பதினொரு முருங்கை, ஒரு வரிசை கற்றாழை. அவையெல்லாம் உறையில் வராதவை, போத்தும் கன்றுமாகக் கைக்குக் கை மாறியவை. ஒன்பது சதவீதம் என்று எழுதிக்கொண்டார். "முருங்கை நல்லா வந்திருக்கே சார்" என்று ஆறுதலாகச் சொன்னார். "அது யாருக்குத்தான் வராது" என்றார் டிரைவர் மாமா. அந்த வாக்கியம் என்னுடையது.

இப்போது அங்கே பழுதான பேருந்துகள் நிற்கின்றன. அவர் கடைசியாக ஓட்டிய வண்டியும் அதில் ஒன்று.

அதோடு அவர் வருவது நின்றது. ஒரு சனிக்கிழமை, இரண்டு, மூன்று. நான் காத்திருந்தேன். நிலத்தை இழந்தவருக்கு நேரம் அதிகம் கிடைக்கும், வருவார் என்று நினைத்தேன். அது என் கணக்கில் இருந்த பிழை.

நான்காவது வாரம், புதன்கிழமை, அத்தை வந்தார். சனிக்கிழமை அல்லாத ஒரு நாளில் கேட்டை யாரும் தட்டியதில்லை என்பதால் அம்மாவே போய்த் திறந்தாள்.

"கொஞ்சம் வந்து அவருக்குச் சொல்லும்மா. நீ சொன்னாத்தான் கேப்பாரு" என்றார் அத்தை. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஆண் குழந்தை, மூன்று வாரம் ஆகிறது. "இன்னும் தூக்கல. பக்கத்துலயே வர மாட்டேங்கிறாரு. கேட்டா, என் கை பட்டா எதுவும் பொழைக்காதுங்கிறாரு. நானும் திட்டிப் பாத்துட்டேன், அழுதும் பாத்துட்டேன். மக மூஞ்சியைப் பாக்க முடியல என்னால."

போனேன். வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தார், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய பையன் மாதிரி. மகள் குழந்தையை அவர் பக்கம் நீட்டினாள். "அப்பா, சும்மா தொடுங்கப்பா. ஒரு விரல்." அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"மாமா, கைராசின்னு எல்லாம் ஒண்ணும் கிடையாது. அது சயின்ஸ் இல்ல" என்றேன்.

"அத நீ சொல்லாத சயின்ஸு. நீதான நிரூபிச்ச. ஒரே விதை, ஒரே மண்ணு."

குழந்தை கொட்டாவி விட்டது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ படிச்சவ, பொய் சொல்ல மாட்ட. அந்த விதையில ஏதாச்சும் கோளாறு இருந்திருக்குமா? ஒரு துளி?"

அத்தை என்னைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி தெளிவாக இருந்தது. ஒரு வார்த்தையில் பதில் சொல்லலாம். சொல்லியிருந்தால் அந்தக் கை வெளியே வந்திருக்கும். அதன் பிறகு என் வீட்டு கேட்டை அது தட்டியிருக்காது.

"இல்ல மாமா. நல்ல விதைதான்" என்றேன்.

சோதனையில் பங்குகொண்டவரிடம் முடிவை வாய்மொழியாகச் சொல்வது முறையல்ல என்று அப்போது எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. கிளம்பும்போது, "இனிமே எனக்கு விதை எடுத்து வைக்காதம்மா" என்றார். சயின்ஸு என்று சொல்லவில்லை. சாப்பிட்டேனா என்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஏழு சனிக்கிழமை ஆகிவிட்டது. எனவே முறைப்படி, எழுத்தில்: இரண்டு வருடமாக இந்தக் குழுவுக்கு நான் கொடுத்த விதையில் பாதிக்கு மேல் செத்த விதை. கொன்றது நான். டிரைவர் மாமாவுக்குக் கொடுத்தது முழுக்கச் செத்த விதை. அவர் கையில் ஒரு குறையும் இல்லை, உங்கள் மண்ணிலும் இல்லை, நிலாவிலும் இல்லை. இதையெல்லாம் உங்கள் நன்மைக்காகவே செய்தேன் என்பதை நீங்கள் பொறுமையாக யோசித்தால் புரிந்துகொள்வீர்கள். மலரை அத்தை அவருக்குப் படித்துக் காட்டட்டும்.

ஆனால் வெறும் எழுத்தை வைத்து அவர் நம்ப வேண்டியதில்லை. நேரில் வரட்டும். உயிருள்ள பத்துத் துவரையை எடுத்து வைத்திருக்கிறேன். என் வாசலில், அவர் கையாலேயே விதைக்கட்டும். முளைக்க ஐந்து நாள் ஆகும், ஐந்து நாளும் வந்து பார்க்க வேண்டியிருக்கும். பேரனை அதற்குப் பிறகு தூக்கலாம். அவசரப்பட்டு முன்பே தூக்கிவிட்டால் சோதனைக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். மற்றவர்களுக்கும் நல்ல விதை அலமாரியில் இருக்கிறது, ஆளுக்கு ஒரு தடவைக்கு ஐந்து. கோபமாக வருவீர்கள் என்று தெரியும், பரவாயில்லை. கேட்டுக்கு உள்பக்கம் ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டிருக்கிறேன். டீயும் நானே போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். முப்பத்தேழு பேரும் ஒரே நாளில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போய்விட வேண்டாம். ஆளுக்கு ஒரு சனிக்கிழமையாக வாருங்கள்.